மூன்று நாள் மௌனமும் என் வாயும்

நூற்றைம்பது பேர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வரிசையாக உட்கார்ந்து கம்பங்கூழ் உறிஞ்சும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கோடைமழை ஓட்டில் விழத் தொடங்குவது போலிருக்கும். நடுவே யாராவது மிளகாயைக் கடித்துவிட்டு "ஸ்ஸ்" என்றால், சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு அடிவயிறே வலித்துவிடும்.

அரியலூருக்கு மேற்கே, உழுதால் மண்ணோடு கல்லாய்ப்போன சிப்பியும் புரண்டு வருகிற கரட்டுக் காட்டில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான ஒவ்வொரு "தபசு கால"த்திலும் எங்கள் "ஒடுக்கம்" நடந்தது. ஊரைக் காலரா வாரிக்கொண்டு போன ஒரு வருஷம், எஞ்சியவர்களைப் பாதிரிச் சாமியார் ஒருவர் அங்கே கூட்டிவந்து மூன்று நாள் செபத்தில் உட்காரவைத்தாராம். அதிலிருந்து வருஷந்தோறும் ஆளுக்கு ஒரு கட்டுப் பனையோலை சுமந்துபோய்க் கொட்டகை போடுவது வழக்கமாயிற்று. சட்டம் ஒன்றுதான்: மூன்று நாளும் யாரும் வாய் திறக்கக் கூடாது. கடைசி நாள் மாலை மணி அடித்ததும், மனஸ்தாபம் உள்ளவரிடம் போய் மன்னிப்புக் கேட்பதுதான் முதல் பேச்சாக இருக்க வேண்டும். அதற்கப்புறம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், மறுநாள் பூசையில் நன்மை என்கிற அப்பம் வாங்குவது.

யுத்தகாலத்தில், ஒன்பது வயதில், நான் அங்கே போனேன். யார் நடையையும் யார் குரலையும் அப்படியே செய்துகாட்டி முறுக்கு வாங்கித் தின்கிற "வாயாடி" நான். "ஒன் வாய்க்கு மூணு நாள் பத்தாதுடா, முப்பது நாள் பூட்டுப் போடணும்" என்று சொல்லித்தான் அம்மா அழைத்துப்போனாள்.

சித்தப்பா சவரிமுத்துவும் வந்திருந்தார். அவருக்குத் திக்குவாய். பொதுக் கிணற்றில் யார் முதலில் இறைப்பது என்ற தகராறில் அப்பாவும் அவரும் ஐந்து வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒடுக்கத்தில்தான் யாருமே யாரிடமும் பேசுவதில்லையே! இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா செம்பை நீட்ட, சித்தப்பா வாங்கிக் குடித்தார். அந்த மூன்று நாளும் கொட்டகையிலேயே கெட்டிக்காரர் சித்தப்பாதான்: உப்பு வேண்டுமா, பாய் வேண்டுமா, தேள் வருகிறதா, எல்லாவற்றையும் கையாலேயே சொல்லிவிடுவார், வாயுள்ள மற்றவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். அவர் முகம் அவ்வளவு தெளிந்திருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மணி அடித்தது. "மனசுல வருத்தம் உள்ளவங்க எந்திரிச்சுப் போங்க" என்றார் செபம் நடத்தும் உபதேசியார். சித்தப்பா எழுந்துவந்து, அத்தனை பேர் பார்க்க, அப்பாவுக்கு முன்னால் முழங்கால் போட்டார். "அ... அ... அண்..." அண்ணே என்கிற சொல் வரமாட்டேன் என்றது. மூன்று நாள் பூட்டிக்கிடந்த என் வாய், என்னைக் கேட்காமலே திறந்து, அச்சு அசலாக அவர் குரலில் "அ... அ... அண்..." என்றது.

அத்தனை பேரும் அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் மொத்தமாக உடைந்தது. சாமியார்கூடக் குனிந்து அங்கியில் எதையோ தேடினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைத்து என்ன பயன்? சித்தப்பா எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், வெளியே நடந்தார். அப்பா பின்னாலேயே ஓடி, "டேய் சவரி, நில்லுடா! எம்மேலதான்டா தப்பு!" என்று கத்தினார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வைகாசியிலேயே சித்தப்பா பூலாம்பாடிக்கு, சித்தியின் ஊருக்கு, குடிபோய்விட்டார். மீசை முளைத்த பிறகு ஒருமுறை போனேன். சித்தி கறிச்சோறு போட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விசிறினார், என் முன்னால் வாய் மட்டும் திறக்கவில்லை. நானும் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்காமல், ஏதேதோ கோமாளித்தனம் பண்ணி, சித்தியைச் சிரிக்கவைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா செத்துப்போனார், பிறகு சித்தப்பாவும் போய்ச்சேர்ந்தார். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம், "சின்ன வயசுல செஞ்சதுதானே" என்று சாமியார்கள் சுலபமாக மன்னித்துவிடுகிறார்கள். மன்னிக்க வேண்டியவர் அவர்கள் இல்லையே.

கொட்டகை போட்ட இடம் இப்போது சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பெரும்பள்ளம். போன மாதம் அதன் வேலியோரம் போய் நின்றேன். காவலாளி வந்தான்.

"என்ன பெரியவரே, எதத் தேடுறீங்க? பள்ளத்தத் தவிர இங்க ஒண்ணுமில்லீங்களே."

"எங்க சித்தப்பா எந்திரிச்சுப் போன எடம்ப்பா. திரும்பி வந்துட்டாரான்னு பாக்குறேன்."

நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து, அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.