ஓடிபி சொல்ல மறுத்த மலரின் அப்பா

கரண்ட் போனதும் எங்கள் கம்ப்யூட்டர் லேபில் யூபிஎஸ் 'கீங் கீங்' என்று கத்தும் பாருங்கள்... இன்றைக்கும் எங்கேயாவது அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாக சேவ் பட்டனைத் தேடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால். புதுக்கோட்டையில் காலேஜ் கடைசி வருஷம்.

நானும் கந்தர்வக்கோட்டை கவிதாவும் ப்ராஜெக்டுக்காக ஒரு வெப்சைட் செய்தோம். பெயர் 'ஒரே பெஞ்சு'. மாவட்டத்தில் எந்தக் காலேஜில் படிக்கிறவர்களும் அதில் நோட்ஸ் போடலாம், சந்தேகம் கேட்கலாம், வேறு காலேஜ் ஆட்களோடு சேர்ந்து ப்ராஜெக்ட் எழுதலாம். எல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து ரஃப் நோட்டில் வரைந்த டிசைன். பாதிப் பக்கங்களில் கவிதாவின் புளிசாத எண்ணெய்!

உள்ளே நுழைய ஓடிபி வைத்தோம். பெரிய கம்பெனி மாதிரி தெரிய வேண்டும் என்ற பந்தா, வேறென்ன... முதலில் எங்கள் காலேஜ் அட்மிஷன் லிஸ்டில் இருந்த போன் நம்பர்களை அப்படியே ஏற்றினோம். எங்கள் இருவர் நம்பரையும் வைத்துச் சோதித்ததில் ஜோராக வேலை செய்தது.

வைவா நாள். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மேடம், "நீங்க லாகின் பண்ணாப் போதாது. ஒரு ஜூனியரைக் கூப்பிடுங்க" என்றார். எனக்கு ஏற்கெனவே சென்னையில் வேலை கிடைத்திருந்தது. ப்ராஜெக்டில் ஃபெயிலானால் அதுவும் போச்சு.

வராண்டாவில் போன மலரைப் பிடித்து இழுத்து வந்தோம். வல்லத்திராக்கோட்டைப் பெண், இரண்டாம் வருஷம். ரோல் நம்பரைத் தட்டினாள். ஓடிபி போய்விட்டதாக ஸ்கிரீன் சொன்னது. அவளிடம் போனே இல்லை.

"அக்கா, லிஸ்டுல இருக்குறது எங்கப்பா நம்பருக்கா..."

என் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம்.

"அப்பா, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லுங்க."

"வந்துச்சு ஆத்தா. ஆனா யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லிருக்காக."

"நாந்தாம்ப்பா கேக்குறேன்!"

"இது வேற யாரோ நம்பராட்டம் இருக்கு. பிள்ளைக கொரல்லயே பேசி ஏமாத்துறாய்ங்களாம். நான் வச்சிர்றேன்."

வைத்தே விட்டார்.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் கேட்டார்: "இதுல எத்தனை பொண்ணுங்ககிட்ட சொந்த போன் இருக்குன்னு கேட்டீங்களா?"

கேட்கவே இல்லை. எல்லாரும் சேர்ந்து படிக்கத்தான் அந்த வெப்சைட்டைச் செய்தோம். ஆனால் கதவுச் சாவியை அப்பாக்கள் சட்டைப்பையில் வைத்துவிட்டோம்.

"மூணு மணி வரைக்கும் டைம்" என்றார்.

சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஓடிபியைத் தூக்கினோம். அவரவர் கையில் துண்டுச்சீட்டாக ஒரு பாஸ்வேர்டு, உள்ளே போனதும் அவர்களே மாற்றிக்கொள்ளலாம். நடுவில் கரண்ட் வேறு போய் யூபிஎஸ் கத்தியது. மூன்று மணிக்கு மலர் உள்ளே போனாள். 'டேட்டாபேஸ் நோட்ஸ் யாரிடமாவது இருக்கா?' என்று கேள்வியும் போட்டாள். நாங்கள் பாஸ்!

இப்போது 'ஒரே பெஞ்சு' இல்லை. எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. நான் சென்னையில் ஆப் டிசைன் செய்கிறேன். லாகின் பேச்சு வந்தாலே, "இந்த போன் யார் கையில இருக்கும்?" என்று கேட்டு மீட்டிங்கில் எல்லார் உயிரையும் வாங்குவேன். ஒவ்வொரு தடவையும் மலரின் அப்பாவை நன்றியோடு நினைத்துக்கொள்வேன். அவர் மட்டும் அன்றைக்கு அந்த நம்பரைச் சொல்லியிருந்தால் எங்கள் தப்பு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

போன வாரம் புது நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்.

"அக்கா, வல்லத்திராக்கோட்டை மலர். வேலைக்குப் போறேன்க்கா. இது என்னோட சொந்த நம்பர். சேவ் பண்ணிக்கங்க."