எலுமிச்சம்பழம் ஏறிப் பறந்த பாலிஹவுஸ்

நான் முதன்முதலில் பறக்கவிட்டது ஒரு கிரைண்டரை. மாவு அரைக்கும் கிரைண்டர்தான். குழவிக்கு மேலே காற்றாடி, பக்கத்துக்கு ஓர் இறக்கை, வாலுக்குப் பதில் தொங்கும் ஒயர். கணினியில் ஒரு கட்டுமான விளையாட்டு இருக்கிறது. குழாய், தகடு, சக்கரம், எஞ்சின் என்று உதிரிகளைக் கோத்து மனதுக்குத் தோன்றியதைச் செய்து ஓடுபாதையில் நிறுத்தலாம். பறந்தால் பறக்கும். பறக்காவிட்டால் பாதை முடிகிற இடத்தில் கடல் இருக்கிறது, அது வாங்கிக்கொள்ளும். பறந்ததை ஆட்டக்காரர்களின் இணையதளத்தில் ஏற்றினால், எந்தத் தேசத்திலோ ஒருவர் அதை இறக்கி எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதுவார்.

அந்த இரண்டு வரிக்காகத்தான் நான் அங்கே போனேன். மறைப்பானேன்? என் பெயரில் ஒரு வசன கவிதைத் தொகுப்பு வந்திருக்கிறது. பிரதிகள் குளியலறைப் பரணில் இருக்கின்றன. அதை முழுதாக வாசித்தவர் என்று நான் நம்பியிருந்தது அச்சுக் கோத்தவரை மட்டும். அவரும் வாசித்திருந்தால் அத்தனை பிழைகள் வந்திருக்காது.

வேலை ஓசூரில், ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில். தலைமுடியை இருபதாகக் கிழித்து அதில் ஓர் இழை கூடினாலும் ஷாஃப்டைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவேன். ஒரு சிற்றூரையே கட்டும் அளவு இரும்பை இதுவரை வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்பியதும், காலையில் மறுத்த கைக்கு எல்லாவற்றையும் சம்மதிக்க வேண்டும் போலிருக்கும். படிக்கட்டில் ஆள் தொங்கும் கெலமங்கலம் டவுன் பஸ்ஸைப் பறக்கவிட்டேன். பர்கூர் கிரானைட் பலகை ஒன்றுக்கு இறக்கை கட்டினேன், கல் வெட்கப்படாமல் மேலே போனது. கடைசியாக, ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் ஒன்று. வெள்ளைப் பாலித்தீன் தாள் கூரை, உள்ளே வரிசையாய்த் தொட்டிகள், நடுவில் ஓட்டுநருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

தளத்தில் மாதம் ஒரு போட்டி நடக்கும். விசித்திரமான விமானம் தீவை ஒரு சுற்றுச் சுற்றி முழுசாக இறங்க வேண்டும். தேறும் ஐந்து விமானங்கள் ஒரு வாரம் தளத்தின் முகப்பில் நிற்கும். நாலு வருடமாக என்னுடையது எதுவும் அங்கே நின்றதில்லை. அந்த முகப்பில் ஒரே ஒரு முறை நின்றுவிட வேண்டும். பாலிஹவுஸைப் போட்டிக்கு அனுப்பியபோது எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

நடுவர் அந்த மாதம் புதிதாக வந்தவர், ஏதோ குளிர்தேசத்தில் ஓய்வுபெற்ற மனிதர். மூன்றாம் நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "உங்கள் விமானத்தோடு மூன்று மஞ்சள் பந்துகள் வருகின்றன. விமானத்தோடு சேராத பொருள் எதுவும் ஓடுபாதையில் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீக்கி அனுப்புங்கள். இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள இயலாது."

அவை பந்துகள் அல்ல, எலுமிச்சம்பழங்கள். எங்கள் பக்கம் புது வண்டி எதுவும் பழத்தின்மேல் ஏறாமல் முதல் அடி வைக்காது. லாரி, பைக், கம்பெனி ஃபோர்க்லிஃப்ட், எதுவானாலும் சரி. போன வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்தது. அதற்குச் சக்கரமே இல்லை. பழத்தை எங்கே வைப்பது என்று மேலாளர் தலைமையில் அரை மணி நேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் அதை இறக்கிய டிராலியின் சக்கரத்துக்கு வைத்தார்கள். எனக்கும் சாமிக்கும் பெரிய போக்குவரத்து கிடையாது. ஆனாலும் கிரைண்டரை ஓடுபாதையில் நிறுத்திய அன்று சக்கரம் வெறுமனே நிற்பது கண்ணை உறுத்தியது. மஞ்சள் உருண்டை உதிரி மூன்றை எடுத்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். அன்றிலிருந்து எல்லா விமானத்துக்கும் வைக்கிறேன். பழம் இல்லாமல் ஒன்றைக்கூட ஓட்டிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இப்போது எடுத்துவிட்டு ஓட்டினேன். பாலிஹவுஸ் பாதை முழுக்க ஓடியது. எழும்பவில்லை. ரோஜாவும் நாற்காலியுமாக நேரே கடலுக்குள் இறங்கியது. கிரைண்டரின் பழத்தை எடுத்தேன். கடல். பஸ், கடல். கிரானைட் போனதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் விமானங்கள் எழும்பும்போது ஒரு துள்ளல் இருக்கும். 'கன்றுக்குட்டி கயிறு அறுக்கும் கணம்' என்று தளத்தில் அதைப் பற்றி நானே எழுதி வைத்திருந்தேன். நாலு பேர் பாராட்டியும் இருந்தார்கள்.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பழம் இல்லன்னா பறக்காதா?"

"பறக்கல."

"அப்ப அது பிளேன் இல்லங்க. எலுமிச்ச சாதம்."

நடுவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பதில் தயாரித்தேன். புதிய பொருளுக்கும் பழைய பயத்துக்கும் நடுவே நசுங்கும் ஒரு மஞ்சள் சூரியன் என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் போயிருந்தது. அவளிடம் படித்துக் காட்டினேன்.

"லீவ் லெட்டர்ல கவிதை எழுதுற பசங்களுக்கு நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?" என்றாள். அனுப்பவில்லை.

மறுநாள் டீ நேரத்தில் டூல் ரூம் ஃபிட்டரிடம் போனேன். பர்கூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, மாதா கோயிலில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம். செல்போனில் எடுத்து வைத்திருந்த பழைய ஓட்டங்களைக் காட்டினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூன்று தரம் பார்த்தார்.

"சாரே, மூக்குச் சக்கரத்தப் பாருங்க. பழத்த நசுக்கல, தள்ளினு போவுது. நெடுக தள்ளினு போயி, வேகம் ஏறனதும் டொக்குனு அதும்மேல ஏறுது. மூக்கு தூக்குது. அதுலதான் எழும்புது."

"அப்ப றெக்கை என்னங்கண்ணா பண்ணுது?"

"எழும்புனதுக்கு அப்புறம் அதும் பாட்டுக்கு வேலை செய்யுது. எழுப்பி உடறது பழம்."

"நாலு வருஷமா இப்படித்தானா?"

"அத பழத்தத்தான் கேக்கணும். ஒரு மைக்ரான் ஏறிப்போச்சுன்னு எங்கள நிக்க வெச்சி பஞ்சாயத்து பண்ணுவீங்க. இங்க எலுமிச்சம்பழம் ஃபுல் லோடு தூக்கினு இருக்குது, ஒரு ரிப்போர்ட்டு இல்ல."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "நீங்க பைக்குக்குப் பழம் வைக்கலியா?" என்றேன்.

"ஃபாதர் தீர்த்தம் தெளிச்சாரு. அதுக்கு முன்னாடியே ஷோரூம்காரன் பழம் வெச்சிட்டான். ரெண்டும் இருக்கட்டும்னு உட்டுட்டேன். ஆனா கிக்கர் அடிச்சது நானு."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து விரல்மேல் கிடத்தினார். அது ஆடி ஆடி நின்றது.

"பாரம் இங்க இருக்குது. நீங்க பின் சக்கரத்த எங்க வெச்சினு இருக்கீங்க? வால்கிட்ட. அப்புறம் மூக்கு எப்பிடி எழும்பும்? தள்ளுவண்டி பாத்ததில்லையா? சக்கரம் பாரத்துக்குக் கிட்ட இருந்தாத்தான் பின்னால லேசா அமுக்கனா முன்னால தூக்கும்."

நாலு வருடக் கோளாறைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆன நேரம் அரை டம்ளர் டீ.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். பின் சக்கரங்களைப் பாரத்தின் பக்கம் நகர்த்தினேன். பாலிஹவுஸ் வாலைத் தரையில் ஊன்றி, நாய் போல உட்கார்ந்துகொண்டது. பின்வரிசைத் தொட்டிகள்தான் இழுத்தன. இரண்டு வரிசையை முன்னால் கொண்டுபோனேன். ஒரு விரல்கடை சக்கரம், ஒரு தொட்டி, மறுபடி சக்கரம். பழங்களை எடுத்தபோது கை கொஞ்சம் நின்றது. ஓட்டினேன். பாதி தூரத்திலேயே மூக்கு எழுந்தது. துள்ளல் கிடையாது. கூட்டத்தில் பேர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிறவரைப் போல, அவசரமில்லாமல், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தது. கீழே பாதை விலகியது. கூரைத் தாள் வெயிலில் விம்மியது. நான் எழுதியதிலேயே அடித்தல் திருத்தலின்றி நின்ற ஒரே வாக்கியம் அதுதான் என்று தோன்றியது. சோறு ஆறுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை நடுவர் தன் ஓட்டத்தைப் பதிவுசெய்து போட்டிருந்தார். தீவைச் சுற்றி ஓட்டினார். கலங்கரை விளக்கம், மலை, மறுபக்கத்துக் கரை. இறங்கும்போது ஒரு தொட்டி மட்டும் ஆடியது. "இதற்குள் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம் போலிருக்கிறது," என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஐந்தில் நான்காவதாகப் பாலிஹவுஸ் முகப்பில் நின்றது.

மனைவி திரையைப் படம் பிடித்துப் பள்ளி ஆசிரியர்களின் குழுவில் போட்டாள். 'என் வீட்டுக்காரர் கட்டியது' என்று மட்டும் எழுதினாள். ஓசூரில் கட்டியது என்றால் வேறென்ன நினைப்பார்கள்? உடனே கேள்விகள் வந்தன. எந்த லேஅவுட், கிழக்குப் பார்த்ததா, போர்வெல் எத்தனை அடி. வீடில்லை, இது பறக்கும் என்று அவள் எழுதினாள். அப்புறம் சயின்ஸ் டீச்சர் கேட்டார்: "நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டு என் நாற்காலி அருகே வந்தாள். நாலு வருடத்தில் அவள் அந்தப் பக்கம் வந்தது ஒயரைப் பிடுங்கி மிக்சிக்கு மாட்டத்தான்.

"நகருங்க. எங்க அமுக்கணும்?"

காட்டினேன். முதல் தடவை கடலில் விட்டாள். இரண்டாவது தடவை மலையில். மூன்றாவது தடவை கரையோரமாகத் தாழப் பறந்து, தீவைச் சுற்றிவிட்டு, என்னைவிட நன்றாகவே இறக்கினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு திரையை அருகில் பார்த்தாள்.

"நாற்காலிக்கு முன்னாடி இருக்கற தொட்டி வழிய மறைக்குது. வெறும் அழகுக்கு வெச்சிருக்கீங்க. எடுங்க அத."

எடுத்தேன்.