சட்டைக் கடை வாசலில் நின்ற 'பொம்மை'

என் கணவருக்கு இதய ஆபரேஷன் ஆன பிறகு, முதல்முறையாக அவரைக் கூட்டிக்கொண்டு தி.நகருக்குச் சட்டை வாங்கப் போனேன். ஒரு கடை வாசலில் நின்ற பொம்மையின் சட்டை அவருக்குப் பிடித்துப்போனது. துணி எப்படி என்று தொட்டுப் பார்த்தார். "பே!" என்று கத்திக்கொண்டு அந்தப் பொம்மை அவர் மேல் பாய்ந்தது. நெஞ்சைப் பிடித்தபடி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொம்மை வேஷம் போட்ட தடியன் பல்லை இளித்தான். "ப்ராங்க் அங்கிள்! கேமராவுக்கு ஹாய் சொல்லுங்க."

"ஹார்ட் பேஷன்ட்டுடா அவர்!" என்று அலறினேன்.

மொபைலில் படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டாளியிடம் அவன் சொன்னான்: "நிறுத்தாத மச்சி, ரியாக்‌ஷன் செமையா கீது."

சுற்றி நின்ற கூட்டமும் சிரித்தது. ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். வெறும் அதிர்ச்சிதான், ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. அடுத்தவர் துடிப்பதைப் படம் பிடித்துக் காட்டும் இந்தப் பிழைப்புக்குப் பெயர் கலையாம். தூ!

இப்போதெல்லாம் கடை வாசலில் பொம்மையைக் கண்டால், முதலில் நான் போய் அதன் மூக்கை நறுக்கென்று கிள்ளுகிறேன். அப்புறம்தான் அவரைக் கிட்டே விடுகிறேன். பிளாஸ்டிக் என்றால் வலிக்காது. மனிதன் என்றால், வலிக்கட்டும்.