ராத்தாவின் பெயரில் ஒரு கம்பம்

ராத்தா என் மூத்த சகோதரி. அவர் முற்றத்தில் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. தென்னையின் பாதி உயரம். அடிப்பக்கத்தை உப்புக்காற்று தின்றுவிட்டதால் சீமெந்து பூசி நிறுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து கிணற்றடி வரை கயிறு கட்டி ராத்தா உடுப்புக் காயப்போடுகிறார். அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரிவதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதை நட்டவர் மச்சான், ராத்தாவின் கணவர். கல்முனைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்துபவர். ஒருமுறை, புயல்காற்று வரப்போகிறது என்று ரேடியோ சொன்னபோது எங்கள் கரை மீன்பிடிப் போட்டுகள் கடலுக்குப் போய்விட்டிருந்தன. அவற்றில் ஒன்று மூன்றாம் நாள்தான் வந்தது, ஓர் ஆள் குறைவாக. "ரேடியோ கரையில இரிக்கிறவனுக்குத்தானே சொல்லுது. கடல்ல போனவனுக்கு ஆரு சொல்ற?" என்று மச்சான் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டே திரிந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, பழைய பாகங்களைச் சேர்த்து இரண்டு வயர்லெஸ் செட் செய்தார். ஒன்று கரைக்கு, ஒன்று போட்டுக்கு. கரைச் செட்டின் ஏரியலுக்காகத்தான் அந்தக் குழாயை முற்றத்தில் கம்பமாக நட்டார்.

ஆனால் அனுமதி இல்லாமல் அவற்றை ஒரு நிமிடமும் பாவிக்கமாட்டேன் என்றார். சட்டம் வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னவரல்லர். ஆளுக்கு ஆள் இப்படி வைத்துக்கொண்டால் ஊர் தாங்காது என்பது அவருக்கே தெரியும். கொப்பித் தாளொன்றில் தானாகவே விதிகள் எழுதினார். காற்றும் ஆபத்தும் தவிர வேறு கதை கதைப்பதில்லை. கதைத்ததையெல்லாம் கொப்பியில் பதிய வேண்டும். கொப்பியை அதிகாரிகள் எப்போதும் வந்து பார்க்கலாம். குற்றம் கண்டால் செட்டை எடுத்துப் போகலாம். "இதையும் சேர்த்து அனுப்புங்க மச்சான்" என்று, அனுமதி கேட்கும் படிவத்தை நிரப்பவிருந்த என்னிடம் தந்தார். நான் அப்போது அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இலிகிதர். படிவம் நிரப்புவதில் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு வேறு. கேட்காத தாளை இணைத்தால் பைல் சுணங்கும் என்று அதை என் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய கெட்டித்தனமும் ஒன்று செய்தேன். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். காணி உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும். கம்பம் நிற்கும் காணி யாருடையது என்று படிவம் கேட்டது. ராத்தாவின் பெயரை எழுதினேன். இரண்டு இடத்தில் இரண்டு பெயர் கண்டால் கேள்வி வரும் என்று, செட்டுக்கு உரியவர் என்ற இடத்திலும் ராத்தாவையே போட்டேன். அவர் அடுப்படியிலிருந்து வந்து, கையைத் துடைத்துவிட்டு ஒப்பமிட்டார்.

பதில் வரவில்லை. போய்க் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். போட்காரர்கள் வந்து, "காத்தடிக்கிற நாளிலயாவது போடுங்களேன்" என்று கெஞ்சுவார்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "ஏலா" என்பார். செட் இல்லையென்று சொல்ல வழியில்லை, இருக்கிறதென்று எழுதிக் கொடுத்தாயிற்று. இருந்தும் அதைத் தொட முடியாது. அவர் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வருஷங்களைக் கழித்தார்.

பிறகு நாடு கெட்டது. வயர்லெஸ் வைத்திருப்பதே குற்றம் என்று அவசரகால விதிகள் வந்தன. கேட்காமல் ஒளித்து வைத்தவர்களை யாருக்கும் தெரியாது; கேட்டவரின் விலாசம் பைலில் இருந்தது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் ஜீப் வந்து நின்றது.

"செட் என்ட. அவவுக்கு ஒண்டும் தெரியா. என்னைக் கொண்டு போங்க" என்றார் மச்சான்.

வந்தவர் படிவத்தை நீட்டினார். அதில் செட்டுக்கு உரியவர் ராத்தா என்று என் கையால் எழுதியிருந்தது, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல்.

செட்டுகளைக் கொண்டுபோனார்கள். ராத்தா திங்கட்கிழமைதோறும் பொலிசுக்குப் போய் ஒப்பமிட வேண்டும் என்றானது. சந்தைக்குக்கூடத் தனியாகப் போகாதவர். முன்னால் மச்சான், பின்னால் நான், நடுவில் முக்காட்டை இழுத்துக்கொண்டு அவர். மூவரும் இப்படித்தான் நடப்போம். அந்த மாரியில் திரும்பவும் காற்று வந்தது. மச்சான் கம்பத்தடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு போட் திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு அவர் ரேடியோ எதையும் திறக்கவில்லை.

சட்டம் செய்தவர்களை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் வயர்லெஸ் எதற்கெல்லாம் உதவும் என்று அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு மறுமொழி என் லாச்சிக்குள் கிடந்தது. படிவம் கம்பத்தின் உயரத்தைக் கேட்டது, காணியைக் கேட்டது. எதற்காக என்று கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை. தன் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி தராமல் விட்டார்கள் என்று நம்பியபடியே மச்சான் மவுத்தாகி அடக்கமானார். உண்மையைச் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

இப்போது கடலுக்குப் போகிறவர்களிடமெல்லாம் போன் இருக்கிறது. காற்றுக்கு முன்பே செய்தி வந்துவிடுகிறது. போன மாதம் மச்சான் விதிகள் எழுதிய அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். அவர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தாளை எடுக்கத் துணிவு வராமல், குழாய் சரியப் பார்க்கிறது, வெட்டிவிடுவோமா என்று கேட்டேன்.

ராத்தா ஈரத் துணியை உதறிக் கயிற்றில் விரித்தார்.

"வேணாம் தம்பி. நீ எழுதித் தந்து நான் ஒப்பம் வெச்ச கம்பம். நிக்கட்டும்."