திரையில்லாத இயந்திரம்

அடையாறில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குச் சனிக்கிழமை காலைகளில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்து வந்தேன். மற்ற நாட்களில் வேறோர் அலுவலகம். வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. ஓய்வு என்று ஒரு நாள் இல்லை. மையத்து நோயாளிகளின் விவரங்களெல்லாம் கிளவுடில் ஓர் இயந்திரத்தில் இருந்தன. அது எந்த ஊரில் ஓடுகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று மேற்கு மாம்பலம் வீட்டிலிருந்து ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்து, அப்டேட் போட்டு, ரீஸ்டார்ட் கொடுத்தேன். வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடும். பத்து நிமிஷமாகியும் எழவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், ஆன் ஆகும்போதே ஒரு பொத்தானை அழுத்தி, ரெகவரி என்ற பழுதுபார்க்கும் நிலையில் எழுப்பிச் சரிசெய்யலாம். கிளவுடில் அழுத்துவதற்குப் பொத்தான் ஏது? கன்சோல் என்று ஒன்று உண்டு. எங்கேயோ ஓடும் அந்த இயந்திரத்தின் கறுப்புத் திரையை இங்கிருந்தே காட்டும். அதன் அனுமதி எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவர் பெயரிலேயே கிடந்தது. என் பெயருக்கு மாற்றச் சொல்லி மையத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டு, அலுத்துப்போய் விட்டிருந்தேன். அவருக்கு போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஏழு மணி ஷிப்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தலைமை நர்ஸ் என் நாற்காலி அருகே வந்து நின்றார்.

"மேடம், யாருக்கு எவ்ளோ தண்ணி எடுக்கணும்னு அதுலதான இருக்கு? எத வெச்சு நான் மெஷின் போடுறது?"

"அரை மணி நேரம் குடுங்க சிஸ்டர்."

எந்த தைரியத்தில் சொன்னேனோ.

என்னிடமிருந்த அனுமதியை வைத்துச் செய்ய ஒரு வழிதான் இருந்தது. இயந்திரத்தை நிறுத்தி, அதன் டிஸ்கைக் கழற்றி, வேறொரு சின்ன இயந்திரத்தில் மாட்டி, அடுத்த முறை ரெகவரியில் எழும்படி அதற்குள் எழுதிவைத்துவிட்டு, மறுபடி பழைய இடத்தில் மாட்ட வேண்டும். எல்லாம் கிளிக்குகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். செய்தேன். பதிலே இல்லை. ரெகவரியில் நெட்வொர்க் தானாக வராது என்பது அப்புறம்தான் உறைத்தது. எழுந்திருந்தாலும் அதனோடு பேச எனக்கு வழியில்லை. திரும்பவும் முதலிலிருந்து நிறுத்தி, கழற்றி, மாட்ட வேண்டும்.

எதிர் பெஞ்சில் ஓர் ஆட்டோக்காரர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். ஆற்றோரக் குடிசைகளை அகற்றியபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம்.

"இன்னாம்மா, கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சா?"

"ஆமாங்க. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"நாலு மணிக்கே எந்திரிச்சு வந்துகீறேன். நேத்துலேர்ந்து மூச்சு வாங்குது."

குரலில் கோபமில்லை. கோபப்பட அவரிடம் தெம்பில்லை. அவர் மனைவி பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து நர்ஸிடம் நீட்டினார்.

"சிஸ்டர், ஒவ்வொரு வாட்டியும் இதுல எழுதி வெச்சிகீறேன். வெயிட்டு, எடுத்த தண்ணி, ஊசி, எல்லாம் கீது."

நர்ஸ் அதைப் படித்து, டாக்டருக்கு போனில் சொல்லி, ஆட்டோக்காரரை உள்ளே அழைத்துப் போனார். மற்ற ஒன்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை நெட்வொர்க்கும் எழும்படி எழுதிவிட்டு மாட்டினேன். பதில் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், போன வாரம் பேக்கப்புக்காகப் புது டிஸ்க் ஒன்றைச் சேர்த்தபோது நான் எழுதிய வரியில் ஓர் எழுத்து தப்பு. இல்லாத டிஸ்கைத் தேடித்தான் இயந்திரம் நின்றிருக்கிறது. திருத்தி எழுப்பியபோது மணி ஒன்பதாகிவிட்டது.

டாக்டர் வந்ததும் கேட்டார்: "கிளவுட் கம்பெனில ஏதாவது பிரச்சனையா?"

ஆமாம் என்றால் முடிந்துபோகும். அவருக்குச் சரிபார்க்கத் தெரியாது.

"இல்ல சார். என் தப்பு. எழுதிட்டு டெஸ்ட் பண்ணல."

"கன்சோல் அனுமதிக்கு என்ன வேணுமோ இன்னிக்கே எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பதினொரு மணி ஷிப்டுக்காரர்கள் வெளியே காத்திருந்தார்கள். அவர்களுக்கும் இரண்டு மணி நேரம் தாமதம். ஒவ்வொருவரிடமாகப் போய், என்னால்தான் என்று சொன்னேன். நாலாவதாக இருந்த பெரியவரிடம் சொல்லிவிட்டு, அங்கேயே நின்றேன். அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்துவிட்டேன்.