ராசம்மாவின் இடது கண்

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ராசம்மா கொழுந்து எடுத்தாள். கைவேகத்தில் அவளை மிஞ்ச அந்த மலையில் ஆள் இல்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு பங்குனியில், செடிக்குள் குனிந்தபோது ஒடிந்து நின்ற குச்சி ஒன்று அவள் இடது கண்ணில் குத்திவிட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து விட்டு அனுப்பினார்கள். கண் வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் டிஸ்பென்சர் ஐயா ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பார்கள், செலவைத் தோட்டம் கட்டிவிடும் என்றார். ராசம்மாவும் புருஷன் கந்தப்பனும் அதை நம்பி பஸ் ஏறினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். அவள் முறை வந்தபோது கிளார்க் துரைராசா துண்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் அல்ல.

"தோட்டத்துத் துண்டைக் கண் டொக்டர் எடுக்கமாட்டார். தோட்டக்காரர் ஒழுங்காக் காசு கட்டுறேல்லை எண்டு அவருக்குக் கோவம். பின்னேரம் அவரின்ர பங்களாவுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கோ."

தோட்டம் கட்டாத காசு டாக்டரின் சட்டைப்பையிலிருந்து போகவில்லை. அவர் வாங்கியது அரசாங்கச் சம்பளம். ஆனாலும் கோபம் மட்டும் அவருக்கு வந்தது.

சாயந்தரம் பங்களாவுக்குப் போனார்கள். காலையில் ஆஸ்பத்திரி வரிசையை நிமிர்ந்தும் பார்க்காமல் கடந்துபோன அதே கண் டாக்டர், காசு கொடுத்து வைத்தியம் பார்த்த ஒருவரைத் தோளில் கைபோட்டு வாசல்வரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். கந்தப்பன் மேசையில் வைத்த துண்டைப் பேனா முனையால் தள்ளிவிட்டார். கண்ணில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. சீழ் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வேலைக்காரனைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ராசம்மா துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில், துண்டில் வேறு ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கிறது, மாற்றிக்கொண்டு வா என்றார்கள். டிஸ்பென்சர் முணுமுணுத்தபடி மாற்றி எழுதினார். திரும்பிப் போனால் அங்கே டாக்டர் இல்லை. நுவரெலியாவில் குதிரைப் பந்தயம், அவர் அதற்குப் போயிருந்தார். அவர் வரும்வரை கண் காத்திருக்க வேண்டும் என்பதுபோல் தாதி பேசினாள்.

லிந்துலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஹமீதின் மனைவி ஹலீமாதான் வழி சொன்னாள். கினிகத்தேனைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள லேடி டாக்டர் இருப்பதாகவும், தன் தங்கையின் பிள்ளையை அவர்தான் காப்பாற்றியதாகவும், துண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் பார்ப்பார் என்றும் சொன்னாள்.

கினிகத்தேனையில் அந்த லேடி டாக்டர் கட்டை அவிழ்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு பிந்தி வந்தாய் என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"நாங்க வராம இல்லீங்க. போன எடத்துல எல்லாம் துண்டத்தான் பாத்தாங்க. கண்ணை யாரும் பாக்கலை," என்றாள் ராசம்மா.

டாக்டர் உடனே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போன் பேசினார், தன் காரிலேயே ராசம்மாவை அனுப்பினார். பார்வை ஏற்கெனவே போயிருந்தது. மற்றக் கண்ணைக் காப்பாற்ற, கெட்ட கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ராசம்மா ஒற்றைக் கண்ணோடு மலைக்குத் திரும்பினாள். இரண்டு வருஷம் கழித்துத் தோட்டத்தில் பிள்ளைப்பேற்றுக்கென்று ஒரு அறை கட்டித் திறப்பு விழா வைத்தார்கள். பெரிய டாக்டர் வருகிறார் என்று சொல்லி, நன்றாகக் கொழுந்து எடுப்பவள் என்பதால், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ராசம்மாவின் கையில் மாலையைக் கொடுத்தார். யார் வருகிறார் என்று அவளுக்குத் தெரியாது. தோட்டத்து மானேஜர் துரையின் காரிலிருந்து இறங்கியவர், பங்களாவில் துண்டைத் தள்ளிவிட்ட அந்தக் கண் டாக்டர்.

அவர் சிரித்தபடி மாலைக்குக் கழுத்தை நீட்டினார். எதிரே நிற்பவள் யாரென்று அவருக்கு ஞாபகமே இல்லை.

"இவருக்கு நான் மாலை போடமாட்டேங்க," என்றாள் ராசம்மா. குரலை உயர்த்தவில்லை. "தொண்டு செய்யிறவருக்குப் போடற மாலைங்க இது. இவரு நோயாளியைப் பாத்து மூக்கைப் பொத்துறவரு."

மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று துரை கேட்டார். பெண்ணுக்குத் தலை சுற்றுகிறதாம் என்று கணக்கப்பிள்ளை இங்கிலீசில் சொன்னார். வேறொருத்தி மாலை போட்டாள், எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டர் தொழிலாளர் நலம் பற்றிப் பேசினார், கேக் சாப்பிட்டார், போனார்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் ராசம்மாவைக் கொழுந்திலிருந்து நீக்கிப் புல்வெட்டப் போட்டார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள், பயமாக இல்லையா என்று கேட்டார்கள்.

"பயம் என்னத்துக்கு? அந்த ஆளைப் பாத்ததும் கொமட்டுச்சு. அவ்வளவுதான்."

துண்டோடு போனவர்களை அந்தப் பெரிய ஆஸ்பத்திரி அதற்குப் பிறகும் திருப்பித்தான் அனுப்பியது. பெண்கள் கினிகத்தேனைக்கு பஸ் ஏறப் பழகினார்கள். பாதை தெரியாதவர்களை ராசம்மா கூட்டிப்போனாள்.