பக்கத்து பெட்டுக்காரர்

ஐ.சி.யூ.வுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது வென்டிலேட்டர் செட்டிங் பற்றித்தான். அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடலாம். மெஷின் ஒன்றாகவும் ஆள் இரண்டாகவும் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள். புதுச்சேரி டவுனில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் நான் ஐ.சி.யூ. இன்சார்ஜ் சிஸ்டர். எங்களிடம் இருந்தது இரண்டு வென்டிலேட்டர். அதில் ஒன்று ரிப்பேருக்குச் சென்னை போய், மறுவீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி அங்கேயே தங்கிவிட்டது. மிச்சம் இருந்த ஒன்றில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு. டெஸ்ட் எல்லாம் பார்த்து, மூளை செத்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் குடும்பத்திடம் சொல்லியாகிவிட்டது. மெஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பாரிசில் இருந்த ஒரே மகன் விமானம் ஏறிவிட்டார், சாயங்காலம் வந்துவிடுவார், அதுவரை நிறுத்தாதீர்கள் என்று சொல்தாவின் மனைவி கேட்டிருந்தார். டாக்டரும் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாவை நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம்.

அன்று காலையில் வில்லியனூர் பக்கத்திலிருந்து மஞ்சுளாவைக் கொண்டுவந்தார்கள். தரையில் படுத்துத் தூங்கியவளைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. இமை திறக்கவில்லை. மூச்சு அடங்கிக்கொண்டே வந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றினோம், தொண்டையில் டியூப் போட்டோம். இந்த மாதிரி கேஸில் சில நாள் மூச்சை மட்டும் ஓட்டிக் கொடுத்தால் போதும், ஆள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவாள். ஓட்டிக் கொடுக்கத்தான் மெஷின் இல்லை. மற்ற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டோம். எங்கும் காலி இல்லை.

அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். டியூபில் மாட்டிக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை அவள் புருஷன் ஏழுமலையிடம் கொடுத்தேன். நெல்லித்தோப்பில் ஒரு கட்டடத்தில் கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்.

“கன்னாபின்னான்னு அமுக்காதீங்க. நீங்க ஒரு மூச்சு வுட்டா அவங்களுக்கும் ஒரு மூச்சு. அவ்ளோதான்.”

“அவளுக்குக் காது கேக்குமா சிஸ்டர்?”

“நல்லா கேக்கும். கண்ணுதான் தொறக்க முடியாது. பேசிக்கினே அமுக்குங்க.”

அவரும் அவர் தம்பியும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். மதியத்துக்கு மேல் தம்பி பயத்தில் தாறுமாறாக அமுக்க ஆரம்பித்தார். மானிட்டர் கத்தியது. மஞ்சுளாவின் ஆக்சிஜன் அளவு சரசரவென்று இறங்கியது. நான் பையைப் பிடுங்கி அமுக்கி மேலே கொண்டுவந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இறங்கியது.

டாக்டரிடம் ஓடினேன். “சார், இந்தப் பொண்ணு தாங்காது. அந்த மெஷினை…”

“வாக்கு குடுத்திருக்கேன் சிஸ்டர். நானா எடுத்தா சட்டம் என்ன சொல்லும்னு எனக்கே தெரியாது. அந்தம்மாகிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. புருஷனைப் பறிகுடுக்கப் போறவங்ககிட்ட கேக்குற கேள்வியா அது?”

அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இரண்டு பெட்டுக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணித் திரைதான். மானிட்டர் மூன்றாம் தடவை கத்தியபோது மதாம் திரையை விலக்கிப் பார்த்தார்.

“ஏம்மா, அந்தத் தம்பி ஏன் கையால அமுக்குறாரு? மெஷின் இல்லையா?”

டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வேறு வந்தது.

“ஒண்ணுதான் இருக்கு மதாம்.”

அவர் திரும்பித் தன் புருஷன் தலைமாட்டில் இருந்த மெஷினைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு பொழைச்சிக்குமா?”

“மெஷின் இருந்தா பொழைச்சிக்கும்.”

மதாம் புருஷன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

“எம் பையன் வர்ற வரைக்கும் இவரு நெஞ்சு ஏறி எறங்கணும்மா. அதை மட்டும் நான் வுட்டுக்குடுக்க மாட்டேன்” என்றார். பிறகு, “அந்தப் பையை இவருக்குப் போட முடியுமா?”

“போடலாம் மதாம். சாயங்காலம் வரைக்கும் யாரு அமுக்குறது?”

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழுமலை குரல் கொடுத்தார். “நான் அமுக்குறேன்.”

டாக்டர் வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். மதாமோடு தனியாகப் பேசிவிட்டு வந்து, “மாத்துங்க” என்றார். மெஷின் மஞ்சுளாவுக்குப் போனது. மானிட்டரில் நம்பர் ஏற ஏற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏழுமலை சொல்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே அமுக்கச் சொல்லியிருந்தேன் இல்லையா, இவரிடமும் பேச ஆரம்பித்துவிட்டார். “ஐயா, ஒங்க புள்ள சென்னையில எறங்கிட்டாராம்.” “ஐயா, திண்டிவனம் தாண்டிட்டாராம், இதோ வந்துடுவாரு.” மூளை செத்தவருக்கு எதுவும் கேட்காது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் மதாம் தலையாட்டிக்கொண்டார்.

மகன் கோட்டோடு ஓடி வந்தார். அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பையைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார்.

“நீங்க… யாரு?”

“பக்கத்து பெட்டு சார்.”

மதாம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மகன் குனிந்து அப்பா நெற்றியில் முத்தம் கொடுத்தார், கொஞ்ச நேரம் அழுதார். பிறகு டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர், “போதும், நிறுத்திடுங்க” என்றார். ஏழுமலை நிறுத்தவில்லை.

“எங் கையால எப்பிடி சார் நிறுத்துறது? எம் பொண்டாட்டிக்கு மூச்சு குடுத்தவரு சார்.”

மதாம் எழுந்து வந்தார். “குடுங்க தம்பி” என்று பையை வாங்கித் தானே சில தடவை அமுக்கினார். அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “அந்தம்மா முடியாதுன்னு சொல்லி, இந்தப் பொண்ணும் செத்திருந்தா? ஆயுசுக்கும் அந்தப் பழியை யாரு சுமக்குறது சிஸ்டர்?” உண்மையைச் சொன்னதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. ஆனால் அவர் கேட்டதும் சரி. மெஷின் யாருக்கு என்பதை ஆஸ்பத்திரிதான் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிவு செய்து வைக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் அதைத் தள்ளிவிடக் கூடாது. அதன்பிறகு எந்த மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் இதைச் சொல்லிச் சண்டை போட்டேன். மதாமுக்கு நல்ல மனசு இருந்தது. அதை நம்பி ஒரு ஐ.சி.யூ. நடத்த முடியாது.

டியூபை எடுத்த அன்று மஞ்சுளாவுக்குக் குரலே வரவில்லை. காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். தண்ணீர் கேட்பாள், இல்லை புருஷனைக் கேட்பாள் என்று நினைத்தேன்.

“சிஸ்டர், அந்த ஐயாவோட புள்ள வந்துட்டாரா?”

“வந்துட்டாரும்மா” என்றேன்.